எனேபிளிங் வில்லேஜ்: அக்கம்பக்கத்தாரும் வந்துபோகும் வளாகம்

சிங்கப்பூரில் ரெட்ஹில் ரயில் நிலையத்தில் இறங்கி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்கு நடுவே சற்று நேரம் நடந்தால் லெங்கோக் பாரு சாலை வரும். அந்தச் சாலையின் 20ஆம் எண்ணில், ஒரு காலத்தில் புக்கிட் மேரா தொழிற்கல்விக் கழகம் இயங்கிய பழைய கட்டடங்களைச் சீரமைத்து 2015ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட வளாகம்தான் எனேபிளிங் வில்லேஜ். உடற்குறையுள்ளோருக்கான (அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களும் இதில் அடக்கம்) சேவைகளை ஒருங்கிணைப்பதற்காக 2013இல் அமைக்கப்பட்ட எஸ்ஜி எனேபிள் இதை நடத்திவருகிறது. அறிவுத்திறன் குறைபாடுள்ள என் அண்ணனை அழைத்துக்கொண்டு நான் இங்கு நெடுநாளாகப் போய்வருகிறேன். அம்மாவுக்கு முதுமை வந்து, அண்ணனைக் கவனிக்கும் பொறுப்பு என் கைக்கு மாறியபோது தொடங்கிய வழக்கம் அது. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளையையோ உடன்பிறப்பையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்களில் இந்த இடத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் உண்டு. கேள்விப்பட்டும், அது சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கானது என்று ஒதுக்கிவிட்டவர்களும் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வளாகத்துக்குள் நுழைய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெயரெழுதி அட்டை வாங்கும் மேசையும் வழிமறிக்கும் கதவும் இல்லாததால், பக்கத்து அடுக்குமாடியில் வசிக்கும் பாட்டி காய்கறி வாங்க வருவதும், பள்ளி விட்ட பிள்ளைகள் இதன் வழியே வீட்டுக்கு நடந்துபோவதும் இயல்பாக நடக்கின்றன. வோஹா கட்டடக்கலை நிறுவனம் பழைய பள்ளிக் கட்டடங்களை இடித்துத் தள்ளாமல், அவற்றுக்கிடையே தோட்டங்களையும் நீர்நிலையையும் சரிவுப் பாதைகளையும் அமைத்து எல்லாவற்றையும் இணைத்திருக்கிறது. அந்த வடிவமைப்புக்கு 2016இல் அதிபரின் வடிவமைப்பு விருதும் கிடைத்தது. விருது பெற்ற கட்டடங்கள் எல்லாம் பழகுவதற்கு நல்லவையாக இருப்பதில்லை. இது பழக நன்றாக இருக்கிறது. என் அண்ணனுக்குக் கால்களில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் படிக்கட்டில் இறங்கும்போது அடுத்த படி எங்கே இருக்கிறது என்று கணிக்க அவருக்கு நேரம் பிடிக்கும், பின்னால் யாராவது அவசரமாக வந்தால் அப்படியே நின்றுவிடுவார். இங்கே சரிவுப் பாதையே முதன்மைப் பாதையாக இருப்பதால், ஓடுகிறவர்களும் நிதானமாக நடக்கிறவர்களும் அதே வழியில் போகிறார்கள், யாருக்கும் தனி வழி தேடித்தர வேண்டிய நிலை வருவதில்லை. சுவர்களில் வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. ஒதுங்கி உட்கார மூலைகளும் நிழலும் நிறைய இருக்கின்றன. ஓசை பொறுக்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை அழைத்து வருகிறவர்களுக்கு, பத்து அடி தள்ளி ஓர் அமைதியான இடம் கிடைக்கும் என்ற உறுதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வளாகத்தில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், பயிற்சி வகுப்புகளையும் உயர் தொழில்நுட்பக் கூடத்தையும் தாண்டி, ஃபேர்பிரைஸ் பேரங்காடியைத்தான் சொல்வேன். மற்ற வட்டாரங்களில் உள்ள அதே கடை, அதே பொருள்கள், அதே விலை. ஆனால் அலமாரிகளுக்கு இடையே உள்ள வழிகள் அகலமானவை. கட்டணம் செலுத்தும் முகப்புகளில் உயரம் குறைந்தவையும் உண்டு. சக்கர நாற்காலியோடு இணைத்துத் தள்ளக்கூடிய வண்டிகள் இருக்கின்றன. சிறிய எழுத்தைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடியும், உதவிக்கு ஊழியரை அழைக்கப் பொத்தானும் வைத்திருக்கிறார்கள். இவை பெரும்பாலும் உடலியக்கக் குறையும் பார்வைக் குறையும் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவைபோலத் தோன்றும். அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒருவருக்கு அவை எப்படிப் பயன்படுகின்றன என்பதை என் அண்ணனோடு போய்த்தான் நான் தெரிந்துகொண்டேன். வழி அகலமாக இருந்தால் ஒருவர் அலமாரிமுன் வெகுநேரம் நின்று யோசிக்கலாம்; யாரும் இடிக்க மாட்டார்கள், யாரும் விலகச் சொல்ல மாட்டார்கள். நின்று யோசிக்க இடம் கிடைப்பதே அவருக்குப் பாதி உதவி.

அண்ணனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதனால் வாங்க வேண்டிய பொருள்களின் உறைகளிலிருந்து படங்களை வெட்டி, ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டிக் கொடுத்துவிடுவேன்: மைலோ, ரொட்டி, முட்டை, அம்மாவுக்கு வேண்டிய ஓட்ஸ். அட்டையை ஒரு கையிலும் கூடையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போவார். நான் இரண்டு அலமாரி தள்ளிப் பின்னால் நிற்பேன். ஒருமுறை ஓட்ஸ் உறையின் நிறத்தை நிறுவனம் மாற்றிவிட்டிருந்தது. படத்தில் இருப்பது அலமாரியில் இல்லை. வழக்கமாக இப்படி ஒன்று நேர்ந்தால் அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தேடுவார், நான் கண்ணில் படாவிட்டால் அழத் தொடங்குவார். அன்று அவர் உதவிப் பொத்தானை அழுத்தினார். வந்த ஊழியர், நடுவயதுச் சீனப் பெண்மணி, என்னை ஏறெடுத்துப் பார்க்காமல் அவரிடமே "என்ன தேடுகிறீர்கள், அங்கிள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணன் அட்டையை நீட்டினார். அந்தப் பெண்மணி படத்தையும் புதிய உறையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டிலும் ஒரே மாதிரி இருந்த சின்னத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அண்ணனும் தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, உறையைக் கூடையில் போட்டுக்கொண்டார்.

பணம் கொடுக்கும் இடத்திலும் அதே பொறுமை. இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தாள் ஊதா நிறம் என்பது அண்ணனுக்கு உறுதியாகத் தெரியும். மற்றத் தாள்களில் அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பதால் அவர் பணப்பையில் பெரும்பாலும் ஊதாத் தாள்களாகவே வைத்திருப்போம். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, காசாளர் போதும் என்று சொல்லும்வரை அவர் நிறுத்த மாட்டார். பின்னால் வரிசை நீளும். அந்த வரிசையில் நிற்பவர்களில் பலர் இதே வட்டாரத்துக்காரர்கள். இத்தகைய காட்சி அவர்களுக்குப் புதிதில்லை. இதைத்தான் நான் இந்த வளாகத்தின் தலையாய வெற்றியாகக் கருதுகிறேன். சமூகத்தில் விழிப்புணர்வு ஏற்படுத்துவதற்கென்று நடக்கும் உரைகளும் ஊர்வலங்களும் தேவையானவைதாம். ஆயினும் ஒரு வட்டாரத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே கடையில் என் அண்ணனைப் போன்றவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று பழகும்போது, அவர்கள் முகத்தில் வரும் சாதாரணத் தன்மையை எந்த உரையும் கொண்டுவராது. வேறு சில கடைகளில் இதே நிதானத்துக்குப் பெருமூச்சுகளையும் உச்சுக் கொட்டல்களையும் நாங்கள் கேட்டிருக்கிறோம். அண்ணனுக்குச் சொற்கள் எல்லாம் புரியாவிட்டாலும் பெருமூச்சு புரியும்.

கடைக்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக் கூடம். உடற்குறை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே கூடத்தில் பயிற்சி செய்யும்படி சிங்கப்பூரில் முதன்முதலில் அமைக்கப்பட்டது இதுதான். சக்கர நாற்காலியை விட்டு இறங்காமலேயே பயன்படுத்தக்கூடிய கருவிகள் இங்கு உண்டு என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களின் குடும்பங்களுக்கு இதன் அருமை வேறு வகையில் விளங்கும். பள்ளிக் காலத்தில் ஓட்டமும் விளையாட்டும் கால அட்டவணையில் இருக்கும். பள்ளி முடிந்த பிறகு பலருக்கு நாள் முழுவதும் வீட்டு நாற்காலியும் தொலைக்காட்சியும்தான். எடை கூடுகிறது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வருகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டுச் சுரப்புக் குறைபாடும் அதிகமாக வருவதால் எடையைக் கட்டுக்குள் வைப்பது இன்னும் கடினமாகிறது. தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒருவருக்கு நோய் வந்தபின் பார்ப்பதைவிட, வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் குடும்பம் பாடுபட வேண்டும். நாங்கள் முன்பு விசாரித்த ஒரு தனியார் உடற்பயிற்சிக் கூடத்தில், காப்புறுதிப் பிரச்சினை வரும் என்று மரியாதையாகவே சொல்லி அண்ணனைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். இங்கே அவர் மிதிவண்டிக் கருவியில் உட்கார்ந்து மிதிக்கிறார். பக்கத்துக் கருவியில் இருப்பவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் சில தடவைகள் குடும்பத்தினர் யாராவது உடனிருந்து, எந்தக் கருவியை எப்படித் தொடங்குவது, எப்படி நிறுத்துவது என்று பழக்கிவிடுவது நல்லது. குறிப்பாக நிறுத்துவதை.

ஆவா என்ற சமூகநல அமைப்பு நடத்தும் கிண்டில் கார்டன் பாலர் பள்ளியும் இதே வளாகத்தில் இருக்கிறது. 2016 ஜனவரியில் தொடங்கிய இது, எல்லாரையும் உள்ளடக்கிய முதல் பாலர் பள்ளி என்று சிங்கப்பூரில் அறியப்படுவது. கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகள் சுமார் 30 விழுக்காடு, மற்றப் பிள்ளைகள் 70 விழுக்காடு என்ற அளவில் வகுப்புகளை அமைப்பது இதன் முறை. இந்த விகிதத்தில் யோசனை இருக்கிறது. ஒரு வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் உதவி தேவைப்பட்டால் அந்தப் பிள்ளை எல்லார் கண்ணிலும் தனியாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போது, ஒருவர் மெதுவாகப் பேசுவதும் ஒருவர் படத்தைக் காட்டிக் கேட்பதும் வகுப்பின் வழக்கமாகிவிடுகிறது. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் பயிற்சி போன்றவற்றுக்காகப் பிள்ளையை ஊர் முழுவதும் தூக்கிக்கொண்டு அலையாமல், கற்றலும் சிகிச்சையும் ஒரே இடத்தில் நடப்பது பெற்றோருக்கு, அதிலும் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு, பெரிய ஆறுதல். என் அண்ணன் சிறுவராக இருந்த காலத்தில் இப்படி ஒன்று இல்லை. 1962இல் தொடங்கப்பட்ட மைண்ட்ஸ் போன்ற அமைப்புகளின் சிறப்புப் பள்ளிகள்தாம் அன்று இருந்தன. அவை இல்லாவிட்டால் அவருக்குப் படிப்பே கிடைத்திருக்காது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பள்ளியின் சுவருக்கு வெளியே அவருக்கு நண்பர்கள் யாரும் அமையவில்லை.

டெக் ஏபிள் என்ற உதவிச் சாதனக் கூடம் இன்னொன்று. இதை எஸ்ஜி எனேபிளும், உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்பிடி அமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. பேச்சு வராதவர்கள் படத்தைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் கருவிகள், கண் அசைவால் கணினியை இயக்கும் கருவிகள், கையில் பிடிமானம் குறைந்தவர்களுக்கான கரண்டிகள் என்று பலவற்றை இங்கு நேரில் பார்க்கலாம், தொட்டு முயன்று பார்க்கலாம். பிள்ளைக்குப் பொருந்துமா என்று தெரியாமலே ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து இணையத்தில் வாங்கி, பிறகு அலமாரியில் தூசி படிய வைத்துவிடும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்கள் முதலில் இங்கு வந்திருக்க வேண்டும். தகுதி பெறும் குடும்பங்களுக்கு உதவிச் சாதன நிதியிலிருந்து 90 விழுக்காடு வரை, ஒருவருக்கு வாழ்நாளில் 40,000 வெள்ளி என்ற உச்சவரம்புக்குள், மானியம் உண்டு. ஒரு கருத்தை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கு விலையுயர்ந்த கருவியைவிட, வீட்டிலும் பள்ளியிலும் கடையிலும் ஒரே படங்களை எல்லாரும் பயன்படுத்துவதுதான் கூடுதல் பலன் தருகிறது. கருவியைப் பார்க்கப் போகும்போது, பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் பாட்டியோ பணிப்பெண்ணோ யாராக இருந்தாலும் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கடைசியில் அதைப் பயன்படுத்தப் போவது அவர்தான்.

வேலைவாய்ப்பு வழிகாட்டல், பணிப் பயிற்சி ஆகியவை இந்த வளாகத்தின் பெரும்பகுதி. உடற்குறையுள்ளோருக்கான தேசியத் திட்டமாக 2022 ஆகஸ்ட்டில் வெளியான எனேபிளிங் பெருந்திட்டம் 2030, வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் 2030க்குள் வேலையில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கு, மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர்களின் ஊதியத்தில் 20 விழுக்காட்டை, மாதத்துக்கு 400 வெள்ளி என்ற வரம்புக்குள், அரசாங்கம் ஈடுகட்டுகிறது. இவை வெறும் காகிதத்தில் இருக்கும் திட்டங்கள் இல்லை என்பதை வளாகத்தில் வேலை செய்கிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு எடுத்து வருபவர், மேசை துடைப்பவர், பானம் கலப்பவர் ஆகியோரில் சிலர் உடற்குறையுள்ளவர்கள். அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். யாரும் அவர்களை வேடிக்கைப் பொருளாக்குவதில்லை. உணவு வரச் சற்றுத் தாமதமாகலாம் என்பதை முன்கூட்டியே மனத்தில் கொண்டு, மதிய உணவு நெரிசலுக்கு முன்போ பின்போ செல்வது எல்லாருக்கும் நல்லது.

இங்கேதான் என் குறையும் தொடங்குகிறது. இது ஊழியர்கள்மேல் சொல்லும் குறை இல்லை. இடம் எதை மையமாக வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பது பற்றிய கருத்து. எனேபிளிங் வில்லேஜ் கற்றுக்கொள்ளக்கூடியவரை, வேலைக்குப் போகக்கூடியவரை, வேலைக்குப் போகும் தகுதியை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பவரை மிக நன்றாக வரவேற்கிறது. நாள் முழுவதும் ஒருவர் உடனிருக்க வேண்டியவர், சாப்பிடவும் கழிப்பறை செல்லவும் துணை வேண்டியவர், வேலை என்ற சொல்லுக்கே வாய்ப்பில்லாதவர் ஆகியோருக்கு இங்கு ஒரு பிற்பகலைக் கழிக்க இடம் உண்டு. ஒரு வாழ்க்கையை நடத்த வழி இல்லை. அவர்களுக்கான பகல்நேர நடவடிக்கை நிலையங்கள் வேறு இடங்களில், வேறு அமைப்புகளின் கீழ் இயங்குகின்றன. 2019 முதல் மிதமானதும் கடுமையானதுமான சிறப்புத் தேவைகள் உள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அது பெரிய முன்னேற்றம். ஆனால் பள்ளி 18 வயதிலோ, தொழிற்பயிற்சி தரும் சில பள்ளிகளில் 21 வயதிலோ முடிந்துவிடும். அதன் பிறகு வரும் ஐம்பது ஆண்டுகளுக்கு எந்தச் சட்டமும் கட்டாயம் என்று எதையும் சொல்லவில்லை. பிள்ளை பள்ளிச் சீருடையைக் கழற்றும் நாளில்தான் பெற்றோரின் உண்மையான கவலை தொடங்குகிறது என்பதை எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வார்.

இந்தக் கவலைக்கு அரசாங்கம் செவிசாய்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் எஸ்பிடி நடத்தும் எனேபிளிங் சேவை நடுவம் தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடித்த, முறையான பராமரிப்புச் சேவை எதிலும் இல்லாத பெரியவர்கள் அங்கே சமூக நடவடிக்கைகளில் சேரலாம், பராமரிப்பாளர் அவசர வேலையாகப் போக வேண்டியிருந்தால் சில மணி நேரம் விட்டுச் செல்லலாம். இதே முறையை ஜூரோங், பொங்கோல் வட்டாரங்களுக்கும் கொண்டுசெல்லும் அறிவிப்பு வந்தது. என் பார்வையில் எனேபிளிங் வில்லேஜின் அடுத்த கட்டம் இதுதான்: ரெட்ஹில்லில் ஒரே ஒரு பெரிய வளாகம் என்பதோடு நிற்காமல், ஒவ்வொரு வட்டாரத்திலும் நடந்துபோகும் தூரத்தில் ஒன்று. ஈசூனிலோ பாசிர் ரிஸ்ஸிலோ வசிக்கும் ஒரு தாய், ரயில் பெட்டியில் கூட்டத்தைக் கண்டால் அலறும் மகனை அழைத்துக்கொண்டு, ரயில் மாறி இங்கு வருவதற்குள் களைத்துப்போவார். அகலமான வழியும் பொறுமையான வரிசையும் அவருடைய புளோக்கின் கீழே உள்ள கடையில் இருந்தால்தான் அவை அவருக்குப் பயன்படும்.

வளாகத்தில் உள்ள தகவல், வேலைவாய்ப்பு மையத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் குடும்பங்கள் அதிகம் கேட்காமல் விட்டுவிடும் கேள்விகளுக்கு அங்கே வழிகாட்டுகிறார்கள். பெற்றோருக்குப் பின் யார் என்ற கேள்வி அவற்றில் முதலாவது. பிள்ளைக்கு 21 வயது ஆனவுடன், அறிவுத்திறன் குறைபாடு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், சட்டப்படி அவர் பெரியவர். அவர் சார்பாக வங்கியிலோ மருத்துவமனையிலோ முடிவெடுக்கும் உரிமை பெற்றோருக்குத் தானாகத் தொடராது. மனநலத் திறன் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும். பிள்ளைக்கு 21 வயது ஆகுமுன்னரே பெற்றோர் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பணத்தைப் பொறுத்தவரை, லாப நோக்கில்லாமல் இயங்கும் சிறப்புத் தேவை அறக்கட்டளை நிறுவனத்தில் 5,000 வெள்ளி தொடக்க வைப்புத்தொகையுடன் ஓர் அறக்கட்டளை தொடங்கலாம். பெற்றோர் காலமான பிறகு, அவர்கள் எழுதிவைத்த பராமரிப்புத் திட்டத்தின்படி அந்தப் பணம் மாதாமாதம் பிள்ளையின் செலவுக்குப் போகும். மத்திய சேம நிதிச் சேமிப்பைப் பிள்ளைக்கு மாதத் தொகையாகக் கிடைக்கும்படி ஒதுக்கிவைக்கும் சிறப்புத் தேவை சேமிப்புத் திட்டமும் இருக்கிறது. "தம்பி பார்த்துக்கொள்வான்", "அக்கா இருக்கிறாளே" என்று வாய்ச்சொல்லில் விட்டுவிடுவது நம் வழக்கம். அந்த அக்காவின் இடத்தில் இருக்கும் ஒருத்தியாகச் சொல்கிறேன்: பார்த்துக்கொள்வோம், அதில் ஐயமில்லை. ஆனால் என்ன மருந்து, எந்த மருத்துவர், எதைக் கண்டால் பயம், எந்தப் பாட்டுப் போட்டால் தூங்குவார், அவருடைய பணம் எங்கே என்று அம்மா உட்கார்ந்து எழுதித் தந்த தாள்கள் இல்லாவிட்டால் நான் மிகவும் திண்டாடியிருப்பேன்.

நம் சமூகத்துக்கு இங்கிருந்து எடுத்துப்போக வேண்டியது ஒன்று உண்டு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் இத்தகைய பிள்ளைகளை அழைத்து வராமல் வீட்டில் யாராவது ஒருவர் உடன் தங்கிவிடுவது இன்றும் நடக்கிறது. பெற்றோர் வெட்கப்பட்டுச் செய்வதாக மற்றவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வெட்கமில்லை, அலுப்பு. மேளச் சத்தம் தாங்காமல் பிள்ளை கத்தும்போது எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பது என்று தெரியாத அலுப்பு, பந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பதைப் பொறுக்க முடியாத அலுப்பு. மண்டபத்தில் கதவை மூடிக்கொள்ளக்கூடிய ஓர் அறையை ஒதுக்கிவைத்து, அழைப்பிதழிலேயே அதைக் குறிப்பிட்டால் போதும். கோயிலில் கூட்டம் குறைந்த ஒரு நேரத்தை அறிவித்து, அந்த நேரத்தில் ஒலிபெருக்கியை அணைத்துவைத்தால் போதும். பந்தியில் பரிமாறுகிறவர் தாயைக் கேட்காமல் "தம்பி, உனக்கு வடை வேண்டுமா?" என்று பிள்ளையிடமே கேட்டு, பதில் வரும்வரை ஒரு நிமிடம் நின்றால் போதும். இவற்றுக்கு நிதி திரட்ட வேண்டியதில்லை, கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை.

முதல்முறை போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். வார நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சென்றால் கடையும் உணவிடமும் ஓரளவு காலியாக இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயல வேண்டாம். முதல் நாள் தோட்டத்தில் சுற்றிவிட்டு, கடையில் ஒரே ஒரு பொருளை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அவரே அடுத்த முறை கேட்பார். டெக் ஏபிள் கூடத்துக்கும் தகவல் மையத்துக்கும் முன்கூட்டியே தொடர்புகொண்டு நேரம் குறித்துக்கொண்டு சென்றால் நிதானமாகப் பேச முடியும். மருத்துவ அறிக்கை, பள்ளி அறிக்கை, வளர்ச்சிக் குறைபாட்டுப் பதிவு அட்டை இருந்தால் அது ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த உதவித் திட்டத்துக்குத் தகுதி உண்டு என்பதை அங்கேயே பார்த்துச் சொல்ல அவை வேண்டியிருக்கும். கேட்க நினைக்கும் கேள்விகளைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் அம்மாக்கள் உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். மையத்தில் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அண்ணனோ தம்பியோ மகளோ சலித்துப்போகாமல் இருக்க, அவர்களுக்குப் பிடித்த தின்பண்டத்தையும், சத்தத்துக்கு அஞ்சுகிறவராக இருந்தால் காதுக்குப் போடும் ஒலித்தடுப்பானையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.